எடைப்பாலத்துக்காரியின் மிதி

பகல் முழுக்க என் வேலை
லோரி மிதிப்பதை எண்ணாகப் படிப்பது.
பகாவ் தாண்டி ஆறாம் கட்டை, செம்பனை ஆலை வாசல்.
குலைகளோடு ஏறும்; இரும்புத் தகடு
மயிரிழை தாழும்;
சிவப்பு எண் ஓடி, தடுமாறி, நிற்கும்.
பதினெட்டாயிரத்து நானூற்றிருபது.
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
ஓட்டுநர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
எண்ணைப் பார்ப்பார்கள்.

தகட்டுக்குக் கீழே என்ன என்று
பழுது பார்க்க வந்தவன் ஒருமுறை திறந்து காட்டினான்.
கைப்பிடி அளவு உலோகம், மேலே ஒட்டிய மெல்லிய கம்பி.
பாரம் வளைக்க, கம்பி நீள,
மின்சாரம் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.
அவ்வளவுதான்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிரொலிப் பெட்டி ஒன்று வைத்திருந்தேன்,
பாசார் மாலாமில் எண்பது வெள்ளி, அடிமூடி கிடையாது.
அதில் ஒரு குமிழை வலப்பக்கம் திருகினால்
சொன்னதையே சொல்லும், சொன்னதையே சொல்லும்,
காஜாங் சித்தி போனில் பேசுவதுபோல.
இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது
குமிழைத் திருக மூன்றாவதுக்கு எங்கே போவேன்?
கால்தான் சும்மா கிடக்கிறது,
யாரும் கேட்காத தாளத்தைப் போட்டுக்கொண்டு.

ஆ கியோங் கடையில் பட்டியலை நீட்டினேன்:
பத்து கே மாறுதடை ஒன்று, நேர்ச்சரிவு.
வெள்ளை எல்இடி ஒன்று.
வெளிச்சம் பட்டால் தடை இறங்கும் வில்லை ஒன்று.
“யார் வீட்டு ரேடியோ?”
“ரேடியோ இல்ல, என் கால்.”
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
எப்படியும் ஒன்றைச் சுட்டுக் கெடுப்பாய் என்று
இன்னொரு வில்லையைக் காசில்லாமல் போட்டார்.
கெடுத்தேன்.

செருப்பளவு பலகை, அலமாரிக் கீல்,
உடைந்த பொம்மைக் காரின் பல்சக்கரம் இரண்டு.
எல்இடியும் வில்லையும் முகத்துக்கு முகம் வைத்து
கறுப்புக் குழாய்க்குள் பூட்டினேன்.
மிதியின் மின்சாரம் பெட்டியின் மின்சாரத்தைத்
தொடவே வேண்டாம்.
நடுவில் வெளிச்சம் மட்டும் போய்வரும்,
யாரும் பார்க்க முடியாத இடத்தில்
விடிந்தும் இருட்டியும்.

வெள்ளி இரவு, கார் கழுவும் கொட்டகை.
தனபாலன் பேஸ், ஹைக்கல் டிரம்ஸ்.
ஒரே ஒரு சுரத்தை மீட்டி, பாதத்தை அழுத்தினேன்.
ஒலி வற்றியது.
மறுபடி அழுத்தினேன்.
கிணற்றில் மூடி போட்ட மாதிரி.
“தெர்பாலிக்-லா,” என்றான் ஹைக்கல், குச்சியைக் கவிழ்த்துக் காட்டி.
“ரெண்டு வயர மாத்திப் பத்த வை, லோகேஸ்,
அஞ்சு நிமிஷ வேல,” என்றான் தனபாலன்.

பற்றவைக்கும் கோல் சூடாகட்டும் என்று உட்கார்ந்தேன்.
சுரம் பாக்கி இருந்தது.
கால் வலித்தது, குதிகாலைச் சாய்த்தேன்.

முன்பாதம் மேலே வர வர
ஒன்று இரண்டாகி,
இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி,
ஜிங்க் கூரை அதிர,
சோப்பு நுரையோடு நின்ற புரோட்டோனின்
கண்ணாடி கூடவே முனக,
பக்கத்து வரிசை நாய் ஒன்று எழுந்து நின்று
குரைக்கலாமா என்று யோசித்தது.
நான் எதையும் அழுத்தவில்லை.
எடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவே.

கோல் சூடாகிப் புகைந்தது.
“மாத்தலயா?”
“வேணாம்.”
“மேடையில கால் மறந்துடும்.”
மறக்கட்டும்.
எட்டு வருடமாகக் கீழே அமுங்கினால் மேலே ஏறுகிற ஒன்றைத்தான்
என் கண் படித்துக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை, முதல் லோரி.
சரக்கைக் கொட்டிவிட்டு வெறும் உடம்போடு திரும்பி ஏறும்.
அதையும் நிறுத்தாக வேண்டும், கழித்தால்தான் கணக்கு.
சீட்டு. முகம் பார்க்காத கை.
சக்கரங்கள் இறங்கிப் போகின்றன.
மேசைக்கடியில் என் குதிகால் மெல்லச் சாய்கிறது.
தகடு எழும்புகிறது.
எண் உடனே பூஜ்யத்துக்கு வருவதில்லை:
நாற்பது, இருபது,
மறுபடி நாற்பது.
அடுத்த லோரி ஹாரன் அடிக்கிறது.
இரு, என்று கை காட்டுகிறேன்.